சூரிய மின் இன்வெர்ட்டர்: நம்பகத்தன்மையும் பழுதுகளும்

சூரியத் தகடுகள் தரும் டிசி மின்சாரத்தை வீட்டுக் கருவிகளுக்கும் மின்வாரியக் கம்பிக்கும் ஏற்ற ஏசி மின்சாரமாக மாற்றித் தரும் மின்னணுக் கருவி சூரிய மின் இன்வெர்ட்டர். பெரிய சூரியப் பூங்காக்களில் அறை அளவுள்ள மத்திய இன்வெர்ட்டர்கள் உண்டு. சில வீடுகளில் ஒவ்வொரு தகட்டின் அடியிலும் ஒரு மைக்ரோ இன்வெர்ட்டர் இருக்கும். பெரும்பாலான மாடிகளிலோ தகடுகளைத் தொடராகக் கோத்து, அந்த வரிசையின் முனையைச் சுவரில் மாட்டிய ஒரே பெட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர் எனப்படும் அந்தப் பெட்டியே இக்கட்டுரையின் முதன்மைப் பொருள்.

சூரிய மின் அமைப்பில் அதிக வேலை செய்வதும் முதலில் களைத்துப்போவதும் இந்தப் பெட்டிதான். தகட்டின் மின் உற்பத்திக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருவது வழக்கம். இன்வெர்ட்டருக்கோ 5 முதல் 10 ஆண்டுகளே. எனவே தகடுகளின் ஆயுளுக்குள் ஒருமுறையாவது இன்வெர்ட்டரை மாற்ற நேரும் என்று தொடக்கத்திலேயே கணக்கில் எழுதிக்கொள்வது நேர்மையான திட்டமிடல். விற்கிறவர்கள் காட்டும் லாபக் கணக்கில் பல நேரம் இந்த வரி இருப்பதில்லை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஸ்பிரிங்கர்வில் சூரிய மின் நிலையத்தின் ஐந்தாண்டு அனுபவம் 2008-இல் வெளியானது. திட்டமிடாத பராமரிப்புப் பணிகளில் 37 விழுக்காடும் அதற்கான செலவில் 59 விழுக்காடும் இன்வெர்ட்டர்களால் வந்தவை. சன்எடிசன் நிறுவனம் 2010 முதல் 2012 வரை தான் பராமரித்த சுமார் 350 நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, பழுதுப் புகார்களில் 43 விழுக்காடும் இழந்த மின் உற்பத்தியில் 36 விழுக்காடும் இன்வெர்ட்டர் கணக்கில் வந்தன. அந்த இன்வெர்ட்டர் புகார்களைப் பிரித்துப் பார்த்ததில் தனிப்பெரும் காரணமாக நின்றது கட்டுப்பாட்டு மென்பொருள். கால் பங்குக்கு மேல் அதனுடையது. கருகிய பாகங்களையே பழுது என்று எண்ணிப் பழகியவர்கள் இந்த எண்ணைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

வன்பொருளைப் பொறுத்தவரை பல பழுதுகளுக்குப் பின்னால் நிற்பது வெப்பம். இன்வெர்ட்டருக்குள் டிசி மின்னழுத்தத்தை ஏற்ற இறக்கமின்றிப் பிடித்து வைப்பவை மின்தேக்கிகள். அவற்றுள் மின்பகுதிரவ வகைதான் மிக மென்மையானது. அதற்குள் இருக்கும் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல ஆவியாகிறது. திரவம் குறையும்போது உள்தடை கூடுகிறது. உள்தடை கூடினால் மின்தேக்கி மேலும் சூடாகிறது. சூடு மிச்சத் திரவத்தையும் விரட்டுகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் விதி. 105 டிகிரியில் 5,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட ஒரு மின்தேக்கியை எடுத்துக்கொள்வோம். அது 65 டிகிரியில் இயங்கினால் 80,000 மணி நேரம் தாங்கும். ஆண்டுக்குச் சுமார் 4,000 மணி நேரம் பகல் என்றால் அது 20 ஆண்டு. அதே மின்தேக்கி 85 டிகிரியில் இயங்கினால் 20,000 மணி நேரம், அதாவது 5 ஆண்டுதான். எந்த மின்தேக்கியும் பகல் முழுதும் உச்ச வெப்பத்தில் இருப்பதில்லை. ஆனாலும் வடக்குச் சுவரின் நிழலில் மாட்டிய பெட்டிக்கும், மேற்கு வெயில் நேராக அறையும் கைப்பிடிச் சுவரில் மாட்டிய பெட்டிக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. இதை உணர்ந்த தயாரிப்பாளர்கள் பலர் இப்போது திரவமில்லாத படல வகை மின்தேக்கிகளுக்கு மாறியிருக்கிறார்கள். அவை பருமனிலும் விலையிலும் கூடியவை. ஆயுளிலும் கூடியவை.

அடுத்தவை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் ஐஜிபிடி, மாஸ்ஃபெட் ஆகிய குறைகடத்திச் சுவிட்சுகள். இவற்றைக் கெடுப்பது வெப்பத்தின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கம். மேகம் மறைத்தால் குளிர்ந்து, விலகினால் சூடாகி, ஒரே பகலில் பலமுறை இது நடக்கும். ஒரே வெப்பத்துக்குச் சிலிக்கான் விரிவதைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அலுமினியம் விரியும். சிலிக்கான் சில்லின் மேல் ஒட்டப்பட்ட மெல்லிய அலுமினியக் கம்பிகள் இந்த இழுபறியில் சிறிது சிறிதாகப் பெயர்ந்து, ஒருநாள் அறுந்துபோகின்றன. அடியிலுள்ள ஈயப்பற்றும் இப்படியே வெடிப்பு விடுகிறது. வெளியில் கேட்பது ஒரே ஒரு வெடிச் சத்தம். அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான தேய்மானம் இருக்கிறது.

வெப்பம் கூடும்போது இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். சுற்றுப்புறம் 45 முதல் 50 டிகிரியைத் தொடும்போது இது தொடங்குவது பல மாதிரிகளில் வழக்கம். திரையில் பழுது எதுவும் தெரியாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மாத முடிவில் யூனிட் குறையும், அவ்வளவுதான். காற்றாடியில் தூசி அடைத்த பெட்டியும், மேலும் கீழும் காற்றுப்போக இடம் விடாமல் அலமாரிக்குள் திணித்த பெட்டியும் இப்படித்தான் உரிமையாளர் அறியாமலே அவருக்கு நட்டம் தருகின்றன.

இன்வெர்ட்டரில் பழுது என்று சொல்லப்படுவதில் கணிசமானது பழுதே அன்று. பாதுகாப்புக்காக அது வேலையை நிறுத்தியிருக்கும். மின்வாரிய மின்சாரம் போனதும் மாடியில் வெயில் கொட்டும்போதே இன்வெர்ட்டர் அணைவதைப் பார்த்துப் புகார் செய்பவர்கள் பலர். மின்வெட்டு நேரத்தில் பேட்டரியால் மின்விசிறி ஓட்டும் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்த்துப் பழகியதால் வரும் எதிர்பார்ப்பு அது. கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த நிறுத்தம் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பொதுவாகப் பேட்டரி சேர்ந்த ஹைப்ரிட் வகையே அந்த நேரத்தில் வீட்டுக்கு மின்சாரம் தரும்.

பழுதைக் கண்டுபிடிக்க உதவும் மிக மலிவான கருவி கடிகாரம். இன்வெர்ட்டர் எந்த நேரத்தில் நிற்கிறது என்று நான்கைந்து நாள் குறித்து வைத்தாலே பாதித் துப்பு கிடைத்துவிடும்.

காலையில் தொடங்க மறுத்து, வெயில் ஏறியதும் தானே சரியாகிவிட்டால் ஈரத்தைச் சந்தேகிக்க வேண்டும். இணைக்கும் முன் இன்வெர்ட்டர் தகட்டுப் பக்கத்துக்கும் எர்த்துக்கும் இடையிலுள்ள காப்புத் தடையை அளக்கிறது. ஐஇசி 62109 தரப்படி, 600 வோல்ட் வரையுள்ள வரிசைக்கு இது குறைந்தது 20 கிலோ ஓமாவது இருக்க வேண்டும். கம்பியின் தோல் தகர விளிம்பில் உரசிக் கிழிந்திருந்தாலோ, இணைப்பி தளத்தில் தேங்கிய நீரில் கிடந்தாலோ, பனி ஈரத்தில் தடை அதற்குக் கீழே இறங்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் தமிழ்நாட்டு மாடிகளில் காப்புத் தடை குறைந்ததைச் சொல்லும் பிழைக் குறியீடு அடிக்கடி தலைகாட்டும். இங்கே இன்வெர்ட்டரை மாற்றுவது வீண். தேட வேண்டியது கம்பியை. காலையிலேயே ரிலே பிழை என்று காட்டினால் அது வேறு கதை. மின்வாரிய இணைப்பைத் துண்டிக்கும் ரிலேக்களை இன்வெர்ட்டர் ஒவ்வொரு தொடக்கத்திலும் சோதிக்கிறது. அவற்றின் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் இணைய மறுப்பதே அதன் கடமை.

உச்சிவேளையில் நின்று, சில நிமிடங்களில் மீண்டு, மறுபடி நின்றால் மின்வாரியக் கம்பியின் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு மத்திய மின்சார ஆணைய விதிகளின்படி, மின்னழுத்தம் 110 விழுக்காட்டைத் தாண்டினால் 2 நொடிக்குள் இன்வெர்ட்டர் விலக வேண்டும். 230 வோல்ட் இணைப்பில் அந்த எல்லை 253 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வெகுதூரம் தள்ளி, மெல்லிய கம்பியின் கடைசியில் இருக்கும் வீடு நண்பகலில் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்போது அங்கே மின்னழுத்தம் உயர்கிறது. ஒரே தெருவில் பல மாடிகளில் தகடுகள் வந்தால் இன்னும் உயர்கிறது. இதற்கு மருந்து கம்பியின் பருமனிலும், இணைப்பை மூன்று பேஸுக்குப் பிரிப்பதிலும், டிரான்ஸ்ஃபார்மர் டேப்பைச் சரிசெய்வதிலும் இருக்கிறது. எல்லையை இன்வெர்ட்டரில் விருப்பம்போல் உயர்த்தி வைப்பது அண்டை வீட்டாரின் கருவிகளையும் ஆபத்தில் தள்ளும். தெருவில் நியூட்ரல் அறுந்தால் நிலைமை கொடியது. ஒற்றை பேஸ் கருவிக்கு 400 வோல்ட்டை நெருங்கி வந்து உள்ளே இருக்கும் பாதுகாப்பு வேரிஸ்டர்களைக் கருக்கிவிடக்கூடும்.

இடிமழைக்குப் பின் ஒரேயடியாக உயிர்விட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை. நேரடியாக மின்னல் விழ வேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலே, போகும் கம்பியும் வரும் கம்பியும் தள்ளித் தள்ளிப் போடப்பட்ட பரந்த வளையத்தில் பெரும் மின்னழுத்தம் தூண்டப்படும். இரண்டையும் ஒட்டிக் கொண்டுபோவது செலவில்லாத காப்பு. டிசி, ஏசி இரு பக்கமும் எஸ்பிடி எனப்படும் மின்னெழுச்சித் தடுப்பி வைத்து, அதன் சாளரம் பச்சையிலிருந்து சிவப்பாக மாறிவிட்டதா என்று மழைக்காலத்துக்கு முன் பார்க்க வேண்டும். சிவந்த எஸ்பிடி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

பொருத்துபவரின் கைப்பிழைகளில் இரண்டு பெரியவை. ஒன்று, வரிசையில் தகடுகளைக் கூடுதலாகக் கோப்பது. குளிர்ந்தால் தகட்டின் மின்னழுத்தம் டிகிரிக்குச் சுமார் 0.3 விழுக்காடு உயரும். 25 டிகிரியில் 580 வோல்ட் காட்டும் வரிசை, 5 டிகிரிக் காலையில் ஏறக்குறைய 615 வோல்ட் தரும். 600 வோல்ட் தாங்கும் இன்வெர்ட்டர் அந்தக் காலையே சாகலாம். சென்னையில் தப்பிக்கும் கணக்கு உதகையில் தப்பாது. மற்றொன்று, தகட்டுக் கம்பிகளைச் சேர்க்கும் எம்சி4 இணைப்பிகளை, வெவ்வேறு நிறுவனங்களுடையவற்றைப் பொருந்துகிறதே என்று ஒன்றுடன் ஒன்று மாட்டுவது. உள்ளே தொடுபரப்பு சரியாக அமையாமல் சூடேறி உருகும். டிசி மின்பொறி ஏசியைப்போல் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதில்லை. ஒருமுறை பற்றினால் தானாக அணைவது அரிது. தீயில் முடிந்த பல நிகழ்வுகளின் தொடக்கம் இந்த இணைப்பிகள்தான். இன்வெர்ட்டர் இயங்கும்போது இணைப்பியைப் பிடுங்கக்கூடாது என்பது இதனால் வந்த விதி. அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் மின்னேற்றம் இறங்கும்வரை மூடியைத் திறக்கவும் கூடாது. கடற்கரையூர்களில் உப்புக்காற்றும், இறுக்காமல் விட்ட கம்பித் துளை வழியே நுழையும் எறும்பும் பல்லியும் போர்டுகளைக் கெடுப்பதும் வழக்கமே.

ஒரு பெட்டியின் நம்பகத்தன்மை வீட்டுக்காரரின் கவலை. லட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே அமைப்பில் ஒரே மாதிரி நடந்துகொள்வது நாட்டின் கவலை. ஜெர்மனியில் பழைய விதிப்படி, மின்கட்டத்தின் அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் எல்லா இன்வெர்ட்டர்களும் ஒரே கணத்தில் விலகும்படி அமைக்கப்பட்டிருந்தன. சூரிய மின்சாரம் சிறிதாக இருந்த காலத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. பெருகிய பின், ஒரு சிறு அதிர்வெண் உயர்வே நாட்டை இருளில் தள்ளக்கூடும் என்று தெரிந்தது. 2012 ஜூலையில் தனி ஆணை பிறப்பித்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் அமைப்பைத் திருத்தினார்கள்.

கலிஃபோர்னியாவில் 2016 ஆகஸ்ட் 16 அன்று ப்ளூ கட் காட்டுத்தீ உயர் அழுத்த மின்தடங்களைத் தாக்கியபோது, சுமார் 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் ஒரேயடியாக மறைந்தது. எந்த இன்வெர்ட்டரும் எரியவில்லை. மின்தடப் பழுது மின்அலையைக் கணநேரம் சிதைக்க, பல இன்வெர்ட்டர்களின் மென்பொருள் அதை அதிர்வெண் வீழ்ச்சி என்று தவறாகக் கணக்கிட்டு விலகியது. உண்மையில் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண் 59.8-க்குக் கீழேகூட இறங்கவில்லை. மற்றொரு பகுதி, மின்னழுத்தம் தாழ்ந்ததும் கணநேரம் உற்பத்தியை நிறுத்தி வைக்கும் அமைப்பால் நின்றது. அதன்பின் வட அமெரிக்க மின் நம்பகத்தன்மைக் கழகம் இதை ஆராய்ந்து, விலகும் முன் சற்றுக் காத்திருக்கும்படி அமைப்புகளை மாற்றச் சொன்னது. ஐஇஇஇ 1547 தரத்தின் 2018 பதிப்பு, சிறு தடுமாற்றங்களைத் தாங்கி இணைப்பிலேயே நிற்பதைக் கட்டாயமாக்கியது.

பழுதான இன்வெர்ட்டரின் காற்றாடி, எஸ்பிடி, ரிலே, போர்டு ஆகியவற்றை மாற்றிச் சரிசெய்ய முடியும், உதிரிபாகம் கிடைத்தால். பத்தாண்டு கழித்து அந்த மாதிரியோ அந்த நிறுவனமோ சந்தையில் இல்லாமல் போவது சாதாரணம். எனவே வாங்கும்போது உத்தரவாத ஆண்டுகளோடு, பக்கத்து ஊரில் சேவை மையம் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். புதிய பெட்டி மாட்டும்போது பழைய வரிசையின் மின்னழுத்தம், தகடுகளிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் அதன் எம்பிபிடி பகுதியின் வரம்புக்குள் அடங்குகிறதா என்று பார்த்து, அடங்காவிட்டால் தகடுகளைப் பிரித்துக் கோக்க வேண்டும். இந்தியாவில் அது ஐஎஸ் 16221, ஐஎஸ் 16169 தரங்களில் பதிவானதாக இருக்க வேண்டும். முதல்முறை இயக்கும்போது நாட்டுத் தேர்வில் இந்தியா என்று அமைப்பதையும் மறக்கக்கூடாது. வேறு நாட்டு எல்லைகளோடு விட்டுவிட்ட புத்தம்புதிய பெட்டி, பழைய பெட்டி நின்ற அதே நேரங்களில் நிற்கக்கூடும்.