முள்ளுக்கரண்டி

பாரிசுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை கோப்பை கழுவுவது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு முள்ளுக்கரண்டி கழுவியிருப்பேனோ தெரியாது. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் குசினிக்குப் பின்னால், குப்பைவாளிகள் இருக்கும் பக்கம் போய்விடுவேன். நான் சோற்றைக் கையால் குழைத்துச் சாப்பிடுவதைக் கண்ட முதலாளி, "இங்கே சுத்தம் முக்கியம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார்.

அந்தக் கோபத்தில்தான் முள்ளுக்கரண்டியின் பூர்வீகத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வந்தது.

11ம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து வெனிசுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் இளவரசி, பொன் முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டாவாம். பீட்டர் டேமியன் என்ற துறவியாருக்கு இது பொறுக்கவில்லை. அவ உடல் அழுகிச் செத்தது இந்த ஆடம்பரத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று எழுதி வைத்தார்!

1608ல் இத்தாலிக்குப் போன தோமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர், அங்கே இறைச்சியை முள்ளுக்கரண்டியால் பிடித்து வெட்டுவதைக் கண்டார். எல்லாருடைய விரலும் சுத்தமில்லைத்தானே என்பது இத்தாலியரின் நியாயம். ஊர் திரும்பியும் அவர் அதை விடவில்லை. நண்பர் ஒருவர் 'ஃபுர்கிஃபர்' என்று பட்டம் வைத்தார். லத்தீனில் கவர்க்கோல் சுமப்பவன் என்று பொருள், அயோக்கியன் என்றும் பொருள்.

பிரான்சு மட்டும் என்னவாம்? 1715ல் இறந்த 14ம் லூயி மன்னர் விரலால்தான் சாப்பிட்டார். பேரன்மார் முள்ளுக்கரண்டி பழகியிருந்தும், தன் மேசையில் அதை எடுக்க விடவில்லை.

கருவி அதே கருவிதான். மாறியது எது வெட்கம் என்பதுதான். இதை 1939லேயே எழுதியவர் நோர்பேர்ட் எலியாஸ். ஹிட்லருக்குத் தப்பி ஓடிய யூதர், என்னைப்போல அகதி. தன் தட்டில் உள்ளதைத் தன் கையால் எடுப்பதில் என்ன சுத்தக்கேடு என்று கேட்கிறார். 2006ல் இரண்டாம் வருடத்தோடு பல்கலைக்கழகம் நின்றுபோன எனக்கு, அந்தப் பக்கங்களை வாசிக்க ஒரு மாதம் எடுத்தது. முதலாளிக்குச் சொல்ல வேண்டிய பதில் கிடைத்தபோது அந்த வேலை என்னிடம் இல்லை.

இப்போது வேறிடத்தில் சமையற்காரன். வீட்டில் மகள் சோற்றை முள்ளுக்கரண்டியால் சாப்பிடுகிறாள், பீட்சாவைக் கையால். "ஏனம்மா இப்பிடி?" என்று கேட்டேன்.

"அது அப்பிடித்தான் அப்பா."