வாசகர் எங்கிருந்து வந்தார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கோபுரமும் பால்கோவாவும். ராஜபாளையம் என்றால் நூற்பாலையும் நாயும். நம் வட்டாரத்தைப் பற்றி நமக்குச் சொல்லித் தருவது இவ்வளவுதான். வத்திராயிருப்பு பக்கத்துப் புதுப்பட்டியில் 1958இல் பிறந்த பாமாவைச் சொல்லித் தருவதில்லை.

1992இல் அவருடைய 'கருக்கு' வந்தது. வெளியிட்டது வணிகப் பதிப்பகம் அல்ல. மதுரையின் சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம். நாம் வீட்டில் பேசும் பேச்சே புத்தகமாக இருந்தது. கொச்சை என்றார்கள் இலக்கியவாதிகள். சொந்த ஊரிலும் கோபம். பல மாதம் அவர் ஊருக்குள் போக முடியவில்லை. நம் கஷ்டத்தை ஊரறியச் சொல்லலாமா என்ற கூச்சம் நமக்கும் உண்டே! படித்த இளைஞர்கள்தான் புரிந்துகொண்டு மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். கோபம் தணிந்தது. 2000இல் ஆங்கிலத்துக்கும் போனது.

இது புதிய வழி அல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன், நம்மை இழிவுபடுத்திய பெயரையே தலைப்பாக்கிப் 'பறையன்' இதழ் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலை பெயரிலேயே இருந்தது. கோலார் தங்கவயல் தொழிலாளர்வரை அதைப் படித்தார்கள்.

மூவரும் பிறர் மேடைக்காகக் காத்திருக்கவில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நாம் சொல்வது இதுதான்: முதலில் உங்கள் தெருவுக்கு எழுதுங்கள், அந்தத் தெருவின் பேச்சிலேயே. திட்டு வரும், அதற்குள்தான் முதல் வாசகரும் இருப்பார்.

உங்கள் ஊர் நூலகத்தில் 'கருக்கு' இருக்கிறதா? இந்த வாரமே போய்க் கேளுங்கள்.