தோலின் சேமிப்புக்காலப் பாதுகாப்பு

தோலின் சேமிப்புக்காலப் பாதுகாப்பு என்பது பச்சைத் தோல், பதனிட்ட தோல், தோலால் செய்யப்பட்ட காலணிகள், பைகள், மகிழுந்து இருக்கைகள் முதலியன பயன்பாடின்றி வைக்கப்பட்டிருக்கும் காலத்தில் அழுகாமலும் பூஞ்சணம் பிடிக்காமலும் வெடிக்காமலும் காக்கும் முறைகளைக் குறிக்கும். தமிழ்நாட்டின் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழிற் பகுதியில் இது அன்றாடத் தேவையாகும். முன்னர் வேலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர்கள், 2019 ஆம் ஆண்டு அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை ஆகிய மூன்று மாவட்டங்களில் அமைந்துள்ளன.

காரணங்கள்

தோல் பெரும்பாலும் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தால் ஆனது. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சவும் வெளிவிடவும் வல்லது. சுற்றுக் காற்றின் ஒப்பு ஈரப்பதன் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தாண்டி, அந்நிலை நீடிக்குமாயின் அசுபெர்சில்லசு, பெனிசிலியம் முதலிய பூஞ்சணங்கள் தோலின் மீது வளரத் தொடங்குகின்றன. தோலுக்கு ஊட்டப்பட்ட எண்ணெய்களும் தாவரத் துவர்ப்பொருட்களும் அவற்றுக்கு உணவாகின்றன. மறுபுறம், மிகையான வெப்பத்தில் ஈரத்தை இழக்கும் தோல் விறைத்து வெடிக்கின்றது. கடுங்கோடையும், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் கொண்ட வேலூர்ப் பகுதியில் இவ்விரு கேடுகளும் உண்டாகக்கூடும்.

பச்சைத் தோல்

உரித்த தோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீராகும். வெப்பமான காலநிலையில் அது சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். எனவே உரித்தவுடன் அதன் தசைப்புறத்தில் உப்பு இடப்படுகின்றது. வழமையாக இடப்படும் உப்பு தோலின் எடையில் 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்கும். உப்பு நீரை வெளியே இழுப்பதால் பாக்டீரியாக்கள் பெருக இயலாது. ஆயினும் உப்பை விரும்பும் சில பாக்டீரியாக்கள் வெப்பமான கிடங்குகளில் வளர்ந்து, தோலில் சிவப்புத் திட்டுகளை உண்டாக்குகின்றன.

இவ்வுப்பு, தோலை ஊறவைக்கும்போது நீரில் கரைந்து கழிவாகின்றது. உயிரியல் முறைச் சுத்திகரிப்பால் இதனை நீக்க முடியாது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் உவர்ப்பானதற்கு இது ஒரு முதன்மைக் காரணமாகும். தோல் கழிவுகளால் ஏற்பட்ட மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்துவோரே இழப்பீடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் அது இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. ஊறவைப்பதற்கு முன் தோலை உதறி உப்பை அகற்றுதல், உப்பின் அளவைக் குறைத்தல், குளிரூட்டிச் சேமித்தல் ஆகியவை மாற்று வழிகளாகும்.

பதனிட்ட தோல்

குரோமியம் கொண்டு பதனிடப்பட்ட, இன்னும் உலர்த்தப்படாத தோல் அதன் நிறத்தால் ஈரநீலத் தோல் எனப்படுகின்றது. இதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருப்பதால், அடுக்கி வைக்கும்போது விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். இதனைத் தடுக்கப் பூஞ்சணக்கொல்லிகள் சேர்க்கப்படுகின்றன.

முன்னர் இதற்காகப் பரவலாகப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் உடல்நலத்துக்குக் கேடானது. 1989 ஆம் ஆண்டில் செருமனி இதனைத் தடை செய்து, பொருட்களில் ஒரு கிலோகிராமுக்கு 5 மில்லிகிராம் என்ற வரம்பை விதித்தது. அதன்பின் இந்தியத் தோல் ஏற்றுமதியாளர்கள் வேறு பூஞ்சணக்கொல்லிகளுக்கு மாற நேர்ந்தது.

காலணிப் பெட்டிகளிலும் தோல் இருக்கைகளிலும் வைக்கப்பட்ட சிறு பைகளில் இருந்த டைமெத்தில் பியூமரேட்டு, ஐரோப்பாவில் பலருக்குக் கடும் தோல் அழற்சியை உண்டாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 இல் இதனைக் கொண்ட பொருட்களின் விற்பனையைத் தடை செய்தது. இதற்கான வரம்பு ஒரு கிலோகிராமுக்கு 0.1 மில்லிகிராம் ஆகும்.

ஆகவே ஏற்றுமதியில் நச்சுப்பொருளைக் காட்டிலும் உலர்த்துதலே முதன்மையான காப்பாகக் கருதப்படுகின்றது. காலணிகளும் அட்டைப்பெட்டிகளும் நன்கு உலர்ந்த பின்னரே கட்டப்பட வேண்டும். கப்பற் பயணத்தில் பகலில் ஆவியாகும் ஈரம், இரவில் கொள்கலனின் குளிர்ந்த கூரையில் படிந்து துளிகளாக விழுவதுண்டு. சிலிக்கா ஜெல் போன்ற உறிஞ்சிகள் இதனைக் குறைக்கின்றன.

நிறுத்தி வைக்கப்படும் மகிழுந்துகள்

குளிர் நாடுகளில் பனிக்காலச் சாலைகளில் உப்பு தூவப்படுவதால், மடிக்கத்தக்க கூரை கொண்ட மகிழுந்துகளைப் பலர் அக்காலம் முழுவதும் கொட்டகையில் நிறுத்திவிடுகின்றனர். தமிழ்நாட்டில் இத்தகைய பாதுகாப்பு மழைக்காலத்திலேயே மிகுதியும் தேவைப்படுகின்றது. தோல் இருக்கை கொண்ட எவ்வகை மகிழுந்துக்கும் பின்வருவன பொருந்தும்.

* இருக்கைகளைத் துடைத்து உலர்த்தி, தோலுக்குரிய பூச்சை மெல்லியதாக இட வேண்டும். மிகையான எண்ணெய் பூஞ்சணத்துக்கு உணவாகும்.
* தரை விரிப்புகளை அகற்றித் தனியே உலர்த்த வேண்டும்.
* துணிக்கூரையை உலர்ந்த நிலையில், விரித்து மூடியவாறு வைக்க வேண்டும். ஈரத்துடன் மடித்தால் மடிப்புகளில் பூஞ்சணமும் நிலையான சுருக்கங்களும் தோன்றும்.
* காற்றுப் புகும் துணியுறையால் மூட வேண்டும். நெகிழித் தாள் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.
* மழையற்ற நாட்களில் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் அளிக்க வேண்டும். உள்ளே வைத்த சிலிக்கா ஜெல் பைகளை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

பூஞ்சணத்தை நீக்குதல்

பூஞ்சணம் பிடித்த பொருளைத் திறந்த வெளியில் வைத்து, முகக்கவசம் அணிந்து, உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும். பின்னர் சிறிதளவு நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். ஈரத்தோலைக் கடும் வெயிலிலோ வெப்பக்காற்றிலோ வைத்தால் அது சுருங்கி விறைக்கும். தாவரத் துவர்ப்பொருளால் பதனிட்ட தோல், குரோமியத் தோலைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே சுருங்கும். மேற்பரப்பைத் துடைத்தாலும் ஈரம் நீங்காத இடத்தில் பூஞ்சணம் மீண்டும் தோன்றும். எனவே சேமிக்கும் இடத்தை உலர்வாக வைத்திருப்பதே நிலையான தீர்வாகும்.