அவலாஞ்சிக்கு வந்த அந்நிய மீன்

செமஸ்டர் லீவுக்கு ஊட்டி போகலாம் என்று வகுப்பில் பேச்சு ஓடுகிறது மக்களே. போட் ஹவுஸ், தொட்டபெட்டா எல்லாம் பார்த்தாயிற்று, இந்த முறை அவலாஞ்சிப் பக்கம் ஒரு குடிலில் தங்கி ட்ரவுட் மீன் பிடிக்கலாம் என்கிறது ஒரு கோஷ்டி. நல்ல யோசனைதான். ஆனால் அந்த மீன் நம்ம ஊர் மீனே இல்லை என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெள்ளைக்காரர்களுக்கு ஊட்டி குளிர் பிடித்துப்போனது. வீடு, தோட்டம், வேட்டை என்று இங்கிலாந்து மாதிரியே எல்லாம் செய்துகொண்டார்கள். ஓடையில் தூண்டில் போட ட்ரவுட் மட்டும் இல்லை. 1863-ல் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் (இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர்) அங்கிருந்து ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்றார். தோல்வி.

ஏன் என்று யோசித்தால் பாவமாக இருக்கிறது. ட்ரவுட் முட்டைக்குச் சூடு ஆகவே ஆகாது. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது, அது 1869-ல்தான் திறந்தது. வெப்பக் கடலைத் தாண்டி, சென்னை வெயிலைத் தாண்டி, பிறகு மலை ஏற வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்ததே 1873-ல். ஊட்டிக்கு 1908-ல்.

இதற்கு நடுவே நடந்ததுதான் வேடிக்கை. 1877-ல் நீலகிரியில் வேட்டைச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1879-ல் வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் தனிப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் ரெடி, ட்ரவுட்டைத்தான் காணோம்! யாருக்காகப் பாதுகாத்தார்கள் என்று கேட்டால், லைசென்ஸ் வாங்கி மீன் பிடிக்க வசதி உள்ளவர்களுக்காக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் புல்வெளிகளில் காலங்காலமாக எருமை மேய்த்த தோடர்களுக்கு ட்ரவுட் தேவைப்படவே இல்லை, அவர்கள் வாழ்க்கை பாலை நம்பியது.

கடைசியில் சாதித்தவர் எச்.சி. வில்சன். 1907-ல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இங்கிலாந்தின் பழுப்பு ட்ரவுட்டை விட்டுவிட்டு வானவில் ட்ரவுட்டுக்கு மாறினார்கள். வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பக்கத்து மீன் அது, கொஞ்சம் கூடுதல் வெப்பத்தையும் தாங்கும். இலங்கை, நியூசிலாந்து போன்ற இடங்களிலிருந்து முட்டைகள் வந்தன. 1863-லிருந்து கணக்குப் போட்டால் 44 வருடம். நம்ம காஸ்ட் அக்கவுண்டிங் சார் பார்த்தால் "இந்த ப்ராஜெக்ட்டை எப்போதோ மூடியிருக்கணும்" என்பார் :)

ஓடைக்கு இது லாபமா? பூச்சி, சின்ன மீன், தலைப்பிரட்டை என்று கிடைத்ததைச் சாப்பிடும் மீன் இது. உலகின் மிக மோசமான 100 அந்நிய இனங்களின் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. பக்கத்தில்தான் வரையாடுகளைக் காக்கும் முக்குர்த்தி, 1990-லிருந்து தேசியப் பூங்கா. எனவே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு நினைத்த இடத்தில் இறங்க முடியாது. முதலில் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள், குடில் புக்கிங் அதற்கப்புறம். தேதியும் முக்கியம்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பக்கமே வேண்டாம்.