வைத்தியர் கிறீனும் இரண்டாவது இடுப்பு மூட்டும்

வட்டுக்கோட்டை என்றதும் நம்மிற் பலருக்கு 1976ஆம் ஆண்டுத் தீர்மானமே நினைவுக்கு வரும். அதற்கு 129 ஆண்டுகளுக்கு முன்னர், 1847இல், அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தம் பணியைத் தொடங்கியதும் இவ்வூரிலேதான். மறு ஆண்டு மானிப்பாய்க்குச் சென்ற அவர், பிற்காலத்தில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' 1867இல் அச்சேறியது. உடலைப் பற்றிய அறிவு நோயாளியின் மொழியில் இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

தேய்ந்துபோன இடுப்பு மூட்டை மாற்றும் வழி அவர் காலத்தில் இல்லை. இங்கிலாந்தின் ஜோன் சார்ன்லி 1958 அளவில் டெஃப்லான் கிண்ணம் பொருத்தினார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்தது. துகள்கள் சுற்றியிருந்த இழையங்களைப் புண்ணாக்கின. தாம் பொருத்தியவற்றைத் தாமே மீண்டும் திறந்து அகற்றவேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. 1962இல் பொலித்தீன் வகைக் கிண்ணத்துக்கு மாறினார். இன்றைய மூட்டுகளுக்கு அதுவே அடிப்படை.

பொருத்திய மூட்டுகளில் 100க்கு 58 அளவில் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என்று 2019இல் லான்செட் இதழ் ஆய்வொன்று கணித்தது. மறுமுறை மாற்றிய மூட்டுக்கு இவ்வளவு ஆயுள் இல்லை. பழையதை எடுக்கையில் எலும்பும் குறைகிறது, தசை தளர்கிறது, தொற்றும் மூட்டு விலகலும் கூடுகின்றன. மூன்றாம் முறை ஆயுள் மேலும் சுருங்குகிறது.

இவற்றை நாம் அறிவது பதிவேடுகளால். சுவீடன் 1979இலேயே இடுப்பு மூட்டுகளுக்குத் தேசியப் பதிவேடு தொடங்கியது. டிப்பியு நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். உலோக மூட்டு ஐந்தாண்டுகளுக்குள் 100க்கு 12, 13 பேருக்கு மறு சத்திரசிகிச்சையைத் தேவையாக்கியதை இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடே காட்டியது. 2010 ஓகஸ்டில் அது உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. அவர்களுள் பெரும்பாலோரைப் பின்னர் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கோபால்ட் துகள் குருதியிற் கலந்திருக்கக்கூடிய மனிதர்கள், தம் உடலில் இருப்பது எதுவென்று அறியாமலே நடமாடினர்.

கிறீன் இருந்திருந்தால் இதைத்தான் முதலிற் கேட்டிருப்பார்: நோயாளிக்குச் சொன்னீர்களா, அவனுக்கு விளங்கும் மொழியிற் சொன்னீர்களா?

யாழ்ப்பாணத்திலோ ரொறன்ரோவிலோ சென்னையிலோ உங்கள் பெற்றோருக்கு மூட்டு மாற்றப்பட்டிருந்தால், அதன் பெயர், தொடரிலக்கம், பொருத்திய நாள் ஆகியவற்றை எழுதி வாங்கி வையுங்கள். இரண்டாம் முறை கத்தி வைக்க நேரும் வைத்தியருக்கு அந்தத் துண்டுக் காகிதமே வழிகாட்டி.