புதிய உலகின் கதை – 14: பஞ்சாங்கம் வளர்த்த வீரன்

டெக்சாஸின் அலமோ கோட்டை விழுந்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். அங்கே உயிர்விட்ட அமெரிக்க வேட்டைக்காரர் டேவி கிராக்கெட்டைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் போருக்குள் நுழைவது நியாயமில்லை.

ஒரு குளிர்காலக் காலையில் பூமி அச்சோடு உறைந்து நின்றுவிடுகிறது. சூரியன் பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கிக் கிடக்கிறது. கிராக்கெட் ஒரு கரடியைத் தோளில் தூக்கி மலையேறுகிறார். அதைப் பிழிந்து, கொழுப்பைப் பூமியின் அச்சில் சொட்டவிட்டு, ஓங்கி ஓர் உதை விடுகிறார். பூமி சுழல்கிறது. சூரியத் தீயில் புகைக்குழாயைப் பற்றவைத்து, விடியலில் ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார். என்ன கற்பனை!

இத்தகைய கதைகளைச் சுமந்து வந்தவை 1835 முதல் 1856 வரை வெளியான கிராக்கெட் பஞ்சாங்கங்கள். அமாவாசை, பௌர்ணமி, சூரிய உதயக் கணக்கு. இடையிடையே மரச்செதுக்குப் படங்களோடு வேட்டைக் கதைகள். சொத்தில்லாத வெள்ளை ஆண்களுக்கும் வாக்குரிமை பரவிவந்த காலம் அது. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத காட்டு வேட்டைக்காரன் நாட்டின் நாயகனானதில் வியப்பில்லை.

நிஜ கிராக்கெட் டென்னசியிலிருந்து நாடாளுமன்றம் போனவர். 1830இல் செவ்விந்தியர்களை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் மசோதாவை அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் கொண்டுவந்தார். 102க்கு 97 என்று அது நிறைவேறியது. டென்னசி உறுப்பினர்களில் எதிர்த்து வாக்களித்தவர் கிராக்கெட் ஒருவர்தான். அடுத்த ஆண்டே தேர்தலில் தோற்றார். என் கணக்கில் கரடியைப் பிழிந்ததைவிடப் பெரிய வீரம் அந்த ஒற்றை வாக்குதான்.

1836 மார்ச் 6 அன்று அலமோவில் அவர் மாண்டார். பஞ்சாங்கம் மட்டும் நிற்கவில்லை. நியூயார்க், பாஸ்டன் நகரத்து அச்சகங்கள் இறந்தவரின் வாயில் தங்கள் வார்த்தைகளைத் திணித்தன. செவ்விந்தியரையும் மெக்சிகோக்காரரையும் கறுப்பரையும் இழிவுபடுத்திச் சிரிக்கும் கிராக்கெட் உருவானார். டெக்சாஸ் மீதும் ஓரிகான் மீதும் நாட்டுக்கு மண்ணாசை பிடித்திருந்தது. கதாநாயகனும் அதற்கேற்ப மாறினார். 1838இல் செவ்விந்தியரான செரோக்கி மக்கள் துப்பாக்கி முனையில் மேற்கே விரட்டப்பட்டு, ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களை அனுப்பக் கூடாது என்று வாக்களித்தவரின் பெயரிலேயே அவர்களை இகழும் கதைகள் விற்றன.

ஜாக்சன் கிராக்கெட்டின் பதவியைத்தான் பறித்தார். பதிப்பாளர்கள் அவருடைய மனசாட்சியையே பறித்தார்கள். பெரிய குற்றவாளிகள் இவர்களே.

அலமோ முற்றுகை, அடுத்த இதழில்.