'ஆகனி': களத்தில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் 'ஆகனி' என்றால் தாங்க முடியாத வேதனை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேரைத் தோண்டினால் வேறு கதை வருகிறது. கிரேக்கத்தில் 'அகோன்' என்றால் முதலில் கூட்டம், பிறகு கூட்டம் கூடிப் பார்க்கும் போட்டி. அதிலிருந்து 'அகோனியா': ஜெயிக்க முட்டிமோதுவது, அதோடு வரும் மனப்பதைப்பு.

கி.மு. 564, ஒலிம்பியா. குத்தும் மல்லும் கலந்த பங்க்ராஷன் போட்டி. ஃபிகாலியா ஊர்க்காரர் அர்ரிக்கியோனின் கழுத்தை எதிராளி நெரிக்கிறான். இவர் அவனுடைய கால்விரலை உடைக்கிறார். வலி பொறுக்காமல் அவன் தோல்வியை ஒப்புக்கொண்ட அதே நேரத்தில் இவர் உயிர் போய்விட்டது. கிரீடம் பிணத்துக்குத்தான்! பயணி பௌசானியாஸ் இதை எழுதி வைத்திருக்கிறார்.

லூக்கா நற்செய்தியில், கைதாகும் இரவில் ஜெபிக்கும் இயேசுவின் நிலைக்கும் 'அகோனியா' என்றே சொல். 14ஆம் நூற்றாண்டில், லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது மனவேதனைதான் முன்னால் நின்றது. நம்ம தமிழ் பைபிளில் 'வியாகுலப்பட்டு'. அழகான சொல்தான், ஆனால் மல்லுக்கட்டு காணாமல் போச்சு.

அது இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது 'ஆன்டகனிஸ்ட்' என்ற சொல்லில்: எதிரே நின்று மோதுபவர். அர்ரிக்கியோனோடு மோதியவன் பெயரை மட்டும் பௌசானியாஸ் சொல்லவே இல்லை.